பதினெட்டாம் நாள் காலை

அய்யா துணை

கார்த்திகை மாதம் சுவாமிதோப்பில் திருஏடு வாசிப்பு 17 நாள் நடக்கிறது. நிழல் தாங்கல்களில் அவரவர் வசதிப்படி நாள் கூடும், குறையும். விரதம் பிடித்து ஏடு கேட்கும் அன்பர்களில் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். இதை மறைத்துப் பயனில்லை. அந்த நாள்களில் அவர்கள் புகையைத் தொடுவதில்லை. நெற்றியில் நாமம் இருக்கும்போது வாயில் புகை கூடாது என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் மூன்று நான்கு நாள் தலை கனக்கும், பிள்ளைகள் மேல் எரிந்து விழச் சொல்லும், தூக்கம் கெடும், கை சும்மா இருக்காது. பொறுத்துக்கொள்கிறார்கள். பத்தாம் நாள் பன்னிரண்டாம் நாள் ஆகும்போது அந்த நினைப்பே குறைந்துவிடுகிறது. பட்டாபிஷேகம் முடிகிறது. மறுநாள் விடிந்ததும் பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் முதல் பீடி பற்றுகிறது.

அன்பர்கள் நின்று யோசிக்க வேண்டியது அந்தப் பதினெட்டாம் நாள் காலையைத்தான். புகையை நிறுத்தியவருக்கு உடல் படும் தொல்லை முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் 17 நாள் விரதம் காத்தவர் ஏற வேண்டிய மேட்டில் பெரும்பகுதியை ஏறி முடித்துவிட்டார். கிணறு வெட்டி, பாறை உடைத்து, ஈரம் கண்ணில் பட்ட நேரத்தில் மண்ணைத் தள்ளி மூடுகிறவரை ஊர் என்ன சொல்லும்? அந்த வேலையைத்தான் அவர் செய்கிறார். அடுத்த முறை மறுபடி முதல் அடியிலிருந்து வெட்ட வேண்டும்.

பற்றவைத்தது உடலின் வேதனை அல்ல, அது அடங்கிப்போயிற்று. பற்றவைத்தது ஒரு வாக்கியம்: "விரதம்தான் முடிஞ்சுபோச்சே!" இதற்குப் பெயர் சாக்கு. அகிலத்திரட்டு சொல்லும் மாயக் கலி கொம்பும் கோரைப்பல்லுமாக எதிரே வந்து நின்றால் எந்த அன்பரும் அஞ்சி விலகிவிடுவார். அவன் அப்படி வருவதில்லை. அவரவர் குரலிலேயே, அவரவர் நியாயத்தையே எடுத்துச் சொல்லிக்கொண்டு வருகிறான். அதனால்தான் அது கலியின் பேச்சு என்று தெரிவதில்லை.

வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் ஒரு நாள் காலை நின்று பார்த்தால் இந்தப் பேச்சு எத்தனை விதமாக ஒலிக்கிறது என்று தெரியும். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும் அங்கேதான். மனு கொடுக்க வந்தவர், வாய்தாவுக்கு வந்தவர், அவர்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் என்று காத்திருப்பவர்களுக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புக்கும் வண்டி ஏறுகிறவர்கள் நிற்கிறார்கள். காத்திருக்கும் கைக்குப் பீடி ஒரு வேலை கொடுக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்கு வந்து இந்தப் பக்கம் குடியிருக்கும் அன்பர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம். அவரிடம் கேட்டால் என்ன சொல்வார்?

"நினைச்சா இன்னைக்கே விட்டுடுவேன்" என்பார். விட முடியும் என்பது உண்மைதான், 17 நாள் விட்டுக் காட்டியவர்தானே. ஆனால் அந்த வாக்கியத்தில் 'இன்றைக்கு' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. அவருடன் வண்டி ஏறும் மேல்விசாரம், ஆம்பூர் இஸ்லாமிய நண்பர்களைப் பார்க்கட்டும். ரமலான் மாதம் முழுதும் விடிவதற்கு முன்பிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர்கூடத் தொடாமல் அதே தோல் ஷாப்பில் அதே வேலையைச் செய்கிறார்கள். அவர்களிலும் புகைப்பவர் உண்டு. பதின்மூன்று மணி நேரம் அவர்களை யாரும் கட்டிப்போடவில்லை. ஒரு மணி நேரம் புகை இல்லாமல் முடியாது என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிடுகிறது. நோன்பு திறந்த பின் அவர்களில் சிலரும் பற்றவைக்கிறார்கள். எல்லா ஊரிலும், எல்லா வழியிலும் தடுக்கி விழும் இடம் ஒன்றாகவே இருக்கிறது: கட்டுப்பாடு முடிந்த மறுநிமிடம்.

"அது இல்லாம காலைல வெளிக்கே வராதுங்க" என்பது இன்னொன்று. இதைச் சிரித்துத் தள்ளக்கூடாது, இதில் உண்மை உண்டு. புகையிலையில் உள்ள நிகோடின் குடலைத் தூண்டும். நிறுத்தினால் சில நாள் மலச்சிக்கல் வரும். எழுந்ததும் இரண்டு செம்பு வெந்நீர், கீரை, கொய்யா, வாழைப்பழம், கொஞ்சம் நடை. இரண்டு மூன்று வாரத்தில் குடல் தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். பிறந்ததிலிருந்து வாலிபம்வரை இவருக்குப் பீடி இல்லாமலே எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது.

"டென்ஷன்" என்பார் அடுத்தவர். புகை உள்ளே போன சில நொடிகளில் நிகோடின் மூளையைத் தொட்டுவிடுகிறது, மனம் லேசாகிறது, அதுவும் உண்மை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அது பாதியாகிறது. உடனே உடல் படபடக்கிறது, மறுபடி கேட்கிறது. புகைக்காதவருக்கு இந்தப் படபடப்பு இல்லை. கடனும் வழக்கும் மகள் கல்யாணமும் கொடுக்கும் கவலை எல்லாருக்கும் பொது. புகைப்பவருக்கு மட்டும் அதன்மேல் நாள்தோறும் பத்துத் தடவை இன்னொரு கவலை கூடுகிறது. தானே நெருப்பு வைத்துவிட்டுத் தானே தண்ணீர் கொண்டுவருகிறவனுக்கு நன்றி சொல்கிற கதை இது.

"பீடி இலைதானே, இயற்கைப் பொருள். சிகரெட்தான் கெடுதல்." இப்படிச் சொல்வோர் ஊரெங்கும் உண்டு. எரிவது எதுவாக இருந்தாலும் நுரையீரலுக்குப் போவது புகைதான். பீடி இலை சட்டென்று அணைந்துபோவதால் இன்னும் அழுத்தி, அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. 2008இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வு ஒன்று, பீடி புகைத்த ஆண்கள் சராசரியாக 6 ஆண்டு ஆயுளையும், பீடி புகைத்த பெண்கள் 8 ஆண்டையும், சிகரெட் புகைத்த ஆண்கள் 10 ஆண்டையும் இழப்பதாகக் கண்டது. அதற்கு முன்பே 2003இல், சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் விவரத்தை வைத்து ஓர் ஆய்வு வந்தது. புகைப்பவர் காசநோயால் சாவதற்கான வாய்ப்பு புகைக்காதவரைவிட 4 மடங்குக்கும் மேல் என்றது அது. காசநோயில் போன ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சாவுக்குப் புகைதான் காரணம் என்றும் கணக்கிட்டது. வெள்ளைக்காரன் நாட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கிராமங்களில் இருப்பவர்கள் தமிழ்நாட்டுப் பாட்டாளிகள்.

தாத்தா தொண்ணூறு வயதுவரை பீடி குடித்தார் என்பவருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தாத்தாவோடு சேர்ந்து குடித்து நாற்பத்தைந்தில் போனவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சாட்சி சொல்ல வர முடியாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய சாக்கு ஒன்று இருக்கிறது. "தோல் ஷாப்ல அடிக்கிற நாத்தத்துக்குப் பீடி இல்லாம நிக்க முடியாது. இந்த ஊர்க் காத்து, தண்ணி எல்லாமே விஷம், ஒரு பீடியால இன்னா ஆவப் போவுது?" பச்சைத் தோல் இறக்கும் இடத்திலும் சுண்ணாம்புத் தொட்டி அருகிலும் நின்றவருக்கு அந்த நாற்றம் என்னவென்று தெரியும். அது பொய் அல்ல. பாலாற்றங்கரை கெட்டதும் பொய் அல்ல. ஆனால் அந்த ஆற்றுக்காக இந்த வட்டாரத்து மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். மாசு வழக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு ஏற்படுத்தச் சொன்னார்கள். ஆறு முழுதும் தெளிந்துவிடவில்லை, அது வேறு துக்கம். என்றாலும் 'எல்லாம் விஷம்தானே' என்று அவர்கள் சும்மா உட்காரவில்லை. முன்பே தூசும் நெடியும் ஏறும் நெஞ்சுக்குள் தன் கையாலேயே இன்னொரு தொட்டிக் கழிவைத் திறந்துவிடுகிறவர், யார்மேல் வழக்குப் போடுவார்?

பீடி அங்கே நாற்றத்தைப் போக்குவதும் இல்லை. மூக்கை மழுக்குகிறது, அவ்வளவுதான். காற்றோட்டம் வேண்டும், முகக்கவசம் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்க வேண்டிய வாயில் ஒரு பீடியைச் செருகிவிட்டால் கேள்வி அங்கேயே அணைந்துபோகிறது. இடுப்பில் துண்டைக் கட்டிக் குனிந்து நின்ற மக்களுக்கு அதையே தலைப்பாகையாகக் கட்டச் சொன்னவர் அய்யா. தலைப்பாகை கட்டிப் பணிவிடையில் நிற்பவர் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கனமான சாக்கு வீட்டுக்குள் இருக்கிறது. குடியாத்தம், பேர்ணாம்பட்டு, வேலூர் என்று இந்தப் பக்கம் எங்கும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். தெற்கே முக்கூடல், ஆலங்குளம், தென்காசிப் பக்கத்து அன்பர்களின் வீடுகளிலும் இதே முறம்தான். "எங்கம்மா பீடி சுத்தித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. எல்லாரும் விட்டுட்டா இவங்க சோத்துக்கு இன்னா பண்ணுவாங்க?" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும். அந்தத் தாயின் உழைப்பை இழித்துப் பேச யாருக்கும் வாய் வரக்கூடாது. புகையிலைத் தூளில் இருமிக்கொண்டே பிள்ளை வளர்த்தவள் அவள்.

ஆனால் கணக்கை மட்டும் பார்க்கட்டும். ஆயிரம் பீடி சுற்றினால் கூலி 280 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோர் வைத்துக்கொள்ளலாம். மகன் ஒரு நாளில் புகைப்பது 25 பீடி. ஆயிரத்தில் அது நாற்பதில் ஒரு பங்கு, அந்தக் கூலியில் 7 ரூபாய். அம்மாவுக்கு 7 ரூபாய் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் புகைக்கிறார் என்றால், அந்த 7 ரூபாயை நேராக அவள் கையிலேயே கொடுத்துவிடலாம், கடைக்காரரிடம் கொடுக்கும் மிச்சமும் அவளுக்கே சேரும். சுற்றும் பெண்களுக்கு மாற்றுத் தொழில் வேண்டும், நியாயமான கூலி வேண்டும், நல வாரிய அட்டையும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் தடையில்லாமல் வர வேண்டும். அதற்குச் சங்கம் உண்டு, அரசு உண்டு, தாங்கலில் கூடும் மக்களும் சேர்ந்து பேசலாம். மகன் நெஞ்சைப் புகைப்பது அதில் எதையும் கொண்டுவராது.

கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்பார் என்பது பீடி குடிப்பவரின் சாக்குக்கு உடன்பிறந்தது. 18 வயதுக்குக் கீழானவருக்கு விற்பதும், பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். வாசலில் தொங்கும் கயிற்றை அவிழ்க்க அந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

பணத்தைப் பற்றி மருத்துவர் சொல்வதைவிட அய்யாவின் வாழ்வு அதிகம் சொல்கிறது. தலைக்கு வரி, தொழிலுக்கு வரி, கூலியில்லாத ஊழியம் என்று நலிந்துகிடந்த மக்கள் நடுவில் 1833ஆம் ஆண்டு மாசி மாதம் வெளிப்பட்டவர் அவர். தம் மக்களிடம் காணிக்கை வேண்டாம் என்றார். அய்யா ஒரு காசு கேட்கவில்லை. கலி நாள்தோறும் காலையில் கேட்கிறான், சாப்பாட்டுக்குப் பின் கேட்கிறான், படுக்கும்முன் கேட்கிறான். நாளுக்கு 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 18,250 ரூபாய். பதிக்கு எண்ணெய் வாங்கக் கணக்குப் பார்க்கும் கை இங்கே கணக்குப் பார்ப்பதில்லை.

"இனிமே விட்டு இன்னா ஆவப் போவுது, அறுபது ஆச்சு" என்பவருக்கு ஓர் ஆறுதலான செய்தி உண்டு. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவர் தம் கூட்டாளிகளோடு 1951இல் தொடங்கி, 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். முடிவு 2004இல் வந்தது. 30 வயதில் விட்டவர்களுக்கு இழக்க இருந்த 10 ஆண்டும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பியது. 40இல் விட்டவர்களுக்கு 9, 50இல் விட்டவர்களுக்கு 6, 60இல் விட்டவர்களுக்கும் 3 ஆண்டு திரும்பியது. மூன்று ஆண்டில் ஒரு பேரனைப் பள்ளியில் சேர்த்துவிடலாம். விட்ட ஓராண்டில் மாரடைப்பு ஆபத்தில் கூடியிருந்த பங்கு பாதியாகக் குறைகிறது என்றும் மருத்துவம் சொல்கிறது. ஒற்றை அறை வீட்டில் கூடப் படுத்திருக்கும் பேரனின் நெஞ்சும் அன்றிலிருந்தே தப்பிக்கிறது. 'என் உடம்பு, என் இஷ்டம்' என்பவர்கள் அந்த அறையில் எத்தனை உடம்பு இருக்கிறது என்று எண்ணிவிட்டுச் சொல்லட்டும்.

கடைசியாக, பக்தர்களுக்கு மட்டுமே தோன்றும் சாக்கு. மற்ற எதையும்விட இதைத்தான் அஞ்ச வேண்டும், ஏனென்றால் இது நாமம் பூசிக்கொண்டு வருகிறது. "அய்யா நினைச்சா ஒரு நொடியில விட வெச்சுடுவார். அவர் விட வைக்கும்போது விடுறேன்." கேட்பதற்கு விசுவாசம் போலவே இருக்கிறது. அய்யா தம் மக்களுக்கு எதைக் கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். கடற்கரையில் இருந்து நாள்தோறும் முழுகி, உடுத்த துணியைத் துவைத்து, அளவாக உண்டு, தூய்மையைப் பழக வைத்தார். சொல் அய்யாவுடையது. துணி துவைத்த கை அந்த மக்களுடையது. நினைத்த நொடியில் துணி வெளுக்கும்படி அவர் செய்திருக்கலாம், செய்யவில்லை. தாமும் பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டு தவம் இருந்தார். ஆறு ஆண்டு தவம் இருந்தவரிடம், தமக்குப் பதிலாக அவரே பீடியை அணைக்க வேண்டும் என்று கேட்பது எந்த வகை விசுவாசம்? பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பதும் இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. மனைவியிடம், டாக்டரிடம், பணிவிடை செய்பவரிடம் சாக்குச் சொல்லலாம். கண்ணாடியில் எதிரே நிற்பவருக்கு முன்பே எல்லாம் தெரியும்.

மருந்து வேண்டியிருந்தால் எடுப்பதில் குறைவில்லை. நிகோடின் கலந்த சூயிங்கம் உண்டு, மாத்திரை உண்டு. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ சி.எம்.சி.யிலோ மருத்துவரைக் கேட்டால் வழி சொல்வார். சிகரெட் பெட்டியின் மேலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சிட்டிருக்கிறது. விற்கிறவனே விடுதலைக்கு வழியையும் அட்டையில் போட்டுக் கொடுக்கும்படி சட்டம் செய்திருக்கிறது. புகைக்கும் ஆசை ஒவ்வொரு முறையும் எழுந்து சில நிமிடமே நிற்கும், பிறகு தானே தணியும். அந்தச் சில நிமிடத்தில் தண்ணீர் குடிக்கலாம், எழுந்து நடக்கலாம், 'அய்யா சிவ சிவ' என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். இரண்டு முறை, மூன்று முறை விட்டு மறுபடி விழுந்தவர்களும் உண்டு. அப்படி விழுந்துதான் பலரும் விட்டிருக்கிறார்கள். முன்பு தோற்றதைக் காரணம் காட்டி இனி முயல மாட்டேன் என்பதும் சாக்குதான். அய்யா சொன்ன பொறுமை பிறரிடம் காட்ட மட்டும் அல்ல.

தனியாக விடுவதைவிட இரண்டு மூன்று பேர் சேர்ந்து விடுவது எளிது. துவையல் பந்தி மக்களும் கூட்டமாகத்தான் இருந்தார்கள். வரும் கார்த்திகையில் விரதம் பிடிக்கும் அன்பர்கள் ஏடு தொடங்கும் முன்பே தாங்கலில் தம்மைப் போன்ற ஒருவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். பட்டாபிஷேகம் முடிந்த மறுநாள் காலைக்கு இருவரும் பேசிவைத்துக்கொள்ளட்டும். முதல் பீடி பற்றும் நேரமும் காலை உகப்படிப்பு நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. டீக்கடைக்குப் போகும் வழியில் ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டுக்கொண்டு தாங்கலுக்குப் போய்விடலாம். "இன்னா மச்சான், விரதம்தான் முடிஞ்சுதே, ஒண்ணே ஒண்ணு" என்று கடை வாசலில் நிற்கும் நண்பர் கூப்பிடுவார். அவரையும் கையோடு அழைத்துச் செல்லலாம். பத்தொன்பதாம் நாளும் அப்படியே.

அய்யா உண்டு.